மூணு பேர் சீட்

நீங்க உக்காருங்கக்கா. பரவாயில்ல, உக்காருங்க. உங்கமேல எரக்கப்பட்டு எழுந்திரிச்சேன்னு நெனச்சுக்காதீங்க. நாப்பது நிமிஷம் ஆயிருச்சு, அதான். சிங்காநல்லூர்ல உக்காந்தேன், பல்லடம் வந்துருச்சு. நாப்பது நிமிஷத்துக்கு மேல என்னால ஒரே சீட்ல உக்கார முடியாது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பழக்கம். பையக் குடுங்க, மேல வைக்கிறேன்.

கரூர்தானே? நானும் கரூர்தான். இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டுவான்.

கையில என்ன கவரா? ஹால் டிக்கெட். இன்னைக்கு மத்தியானம் பரீட்சை எழுதிட்டு வர்றேன். கேட் பரீட்சை. எம்.பி.ஏ. படிக்கறதுக்கு பெரிய பெரிய காலேஜெல்லாம் அதுல வாங்கற நம்பரப் பாத்துத்தான் உள்ள விடும். எப்படி எழுதினேன்னு மட்டும் இப்பக் கேக்காதீங்க. அஞ்சு அஞ்சரைக்கு அப்பா ஃபோன் பண்ணி அதைத்தான் கேப்பாரு. அவருகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் பஸ் ஏறுனதுலருந்து வாயத் தொறக்காம வந்தேன். சொல்லாட்டி முடியாது. ஒரு மாசத்துக்கு முன்னாடி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில பில் போடற வேலைய விட்டுட்டுத்தான் இதுக்கு உக்காந்தேன். அந்த மேனேஜர் நல்ல மனுஷன். "பரீட்சை முடிஞ்ச மறுநாள் திங்கக்கிழமை வரைக்கும் உன் நாற்காலி காலியா இருக்கும், செவ்வாய்க்கிழமை வேற ஆளு உக்காந்திரும்"னு சொன்னாரு. திங்கக்கிழமைன்னா நாளைக்கு. பரீட்சை நல்லாப் போச்சுன்னு நான் சொன்னா அப்பா என்னைய அந்தப் பக்கமே விடமாட்டாரு. "நீ காலேஜு போற புள்ளை, அங்க எதுக்கு"ம்பாரு. நல்லாப் போகலைன்னு சொன்னா, ஏன் போகலைன்னு சொல்லணும். அதுதான் நீளம்.

ஒண்ணு பண்றேன். உங்ககிட்ட மொதல்ல சொல்லிப் பாக்கறேன். அப்பாகிட்ட சொல்றதுக்கு இது ஒரு மாக் டெஸ்ட், ஒத்திகைப் பரீட்சை. எங்க தடுமாறுதுன்னு தெரிஞ்சிரும்ல.

அப்பா பேரு மாரப்பன். பஸ் பாடி கட்டற பட்டறையில பெயிண்டர். எஞ்சினும் ஸ்டியரிங்கும் ஆறு டயருமா மொட்டையா வரும் வண்டி, டிரைவர் ஸ்டூல் போட்டு உக்காந்து ஓட்டிட்டு வருவாரு. அதுக்குக் கூடு கட்டி, தகரம் அடிச்சு, சீட் தச்சு, கண்ணாடி மாட்டி அனுப்பறது பட்டறை வேலை. ஒரு பஸ்ஸுக்கு நாப்பது பேரு கை வைப்பாங்க. கடைசியா அப்பா வருவாரு. கம்பெனி பேரு, சாமி பேரு, ஊர்ப் பேரு எல்லாம் எழுதிட்டு பின்பக்கம் கீழ் மூலையில சின்னதா "மாரப்பன், கரூர்"னு போட்டுட்டு பிரஷ்ஷக் கழுவிருவாரு. நாப்பது பேரு கட்டின வண்டிக்கு ஒரு பேரு. யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. வெல்டர் சுப்பிரமணி மாமா மட்டும் எப்பவாவது, "வெல்டிங் விட்டுச்சுன்னா மட்டும் என்னைத் தேடறாங்கய்யா, பேரு உனக்கு"ன்னு சிரிப்பாரு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க. பின்னால வரும்.

இங்கிலீஷ் நான் அப்பாவாலதான் படிச்சேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்தை அச்சு மாதிரி வரைவாரு, என்ன எழுதியிருக்குன்னு கேட்டா, "எழுதறதுதான் என் வேலை, படிக்கறது பின்னாடி வர்றவன் வேலை"ம்பாரு. பெயிண்ட் அடிக்கறப்ப கண்ணாடி மேல படாம இருக்க பழைய பேப்பர் ஒட்டுவாங்க. இங்கிலீஷ் பேப்பர்தான் பெருசா இருக்கும். கிழிச்சதும் எனக்குக் கொண்டாந்து குடுப்பாரு. பாதிக் கட்டுரை மஞ்சப் பெயிண்டுக்கு அடியில போயிருக்கும். மீதிய வச்சு அந்தப் பாதியில என்ன இருந்திருக்கும்னு நானே யோசிச்சுக்குவேன். பன்னெண்டு வருஷம் இப்படி. இந்தப் பரீட்சையில ஒரு கேள்வி வரும் பாருங்க, ஒரு பத்தியில ஒரு வரிய எடுத்துட்டு, அந்த எடத்துல எது வரணும்னு கேப்பான். மேகலா தலையப் பிச்சுக்குவா. எனக்கு அது பஸ் கண்ணாடி.

மேகலாவும் ஷமீனாவும் என்கூட பி.காம் படிச்சவங்க. மூணு வீட்லயும் காலேஜுக்குப் போன மொத ஆளு நாங்கதான். அதனால கேக்கறதுக்கு ஆளு கெடையாது. வீடியோவுல ஒரு சார் வருவாரு, அவரு சொன்னதுதான் எங்களுக்கு வேதம். அவரு சொன்னாரு, "பதினஞ்சு மாக் டெஸ்ட் எழுதாதவன் ஹாலுக்குள்ள போகாதே." இன்னொரு வீடியோவுல சொன்னாரு, "உன் பலம் எதுவோ அதுல வேலை செய்." ரெண்டையும் நோட்டுல எழுதி வச்சேன். அடுத்தடுத்த வரியில எழுதினதுதான் தப்பாப் போச்சுன்னு இப்பத் தோணுது.

மூணு பேரும் சேந்து ஒரு மாக் டெஸ்ட் வரிசை வாங்கினோம். பதினஞ்சு டெஸ்ட். ஒரு லாகின், ஒரு டெஸ்ட்ட ஒரு தடவைதான் எழுத முடியும். ஆளுக்கு அஞ்சுன்னு பிரிச்சா, சார் சொன்ன பதினஞ்சு யாருக்குமே வராது. ஒருத்தி பதினஞ்சையும் எழுதினா மத்த ரெண்டு பேரு பாவம். மூணு நாள் யோசிச்சோம். மேகலாதான் சொன்னா. "ஏன்டி, டெஸ்ட்ல மூணு பாகம், நாம மூணு பேரு. ஆளுக்கு ஒரு பாகம். பதினஞ்சு டெஸ்டையும் மூணு பேரும் எழுதின மாதிரியும் ஆச்சு, அவங்கவங்க பலத்துல வேலை செஞ்ச மாதிரியும் ஆச்சு."

அக்கா, நீங்க இப்பச் சிரிக்கிறீங்க. அன்னைக்கு அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டோம்.

மொதல் பாகம் இங்கிலீஷ் படிப்பு, நாப்பது நிமிஷம், அது நான். ரெண்டாவது பாகம் அட்டவணையும் புதிரும், நாப்பது நிமிஷம், அது மேகலா. அவங்கம்மா கல்யாண வீட்டுச் சமையல் எடுக்கறவங்க, பந்தியில யாரை யாரு பக்கத்துல உக்கார வைக்கறதுன்னு பாக்கறது மேகலா வேலை. மூணாவது பாகம் கணக்கு, நாப்பது நிமிஷம், அது ஷமீனா. அவங்க கடையில துண்டுத் துணி எடை போட்டு விப்பாங்க. தராசு முள்ளு நிக்கறதுக்குள்ள அவ தொகைய சொல்லிருவா.

மேகலா வீட்டு முன் ரூம்லதான் எழுதுவோம். நாற்காலி சரிப்படல. ஒரு பாகம் முடிஞ்சதும் கம்ப்யூட்டர் நிக்காம அடுத்த பாகத்துக்குப் போயிரும். ஒருத்தி எழுந்து இன்னொருத்தி உக்கார மொத டெஸ்ட்ல பதினோரு செகண்டு வீணாச்சு. சும்மா விடுவமா? அதுக்குன்னு தனியா உக்காந்து ஆராய்ச்சி பண்ணோம். அப்பாகிட்ட சொன்னேன், எதுக்குன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. பழைய பஸ் ஒண்ணு பிரிச்சதுல இருந்து மூணு பேர் சீட் ஒண்ணைத் தூக்கிட்டு வந்து போட்டுட்டாரு. ஜன்னலோரம் லேப்டாப். அங்க நான். நடுவுல மேகலா, ஓரத்துல ஷமீனா. நாப்பதாவது நிமிஷம் நான் எழுந்திரிப்பேன், அவங்க ரெண்டு பேரும் ஒரு எடம் நகருவாங்க, நான் சுத்திப் போய் ஓரத்துல உக்காருவேன். பதினஞ்சாவது டெஸ்ட்ல அது ரெண்டே செகண்டு. அதுல நாங்க எவ்வளவு முன்னேறினோம்னு உங்களுக்குப் புரியணும்.

அதுல ஒரு துளி ஏமாத்து கெடையாது. சத்தியமாச் சொல்றேன். ஃபோன் மூணும் அரிசி டப்பாவுக்குள்ள போயிரும். ஒருத்தி எழுதறப்ப மத்த ரெண்டு பேரும் மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கணும். பேசக் கூடாது, இருமக் கூடாது. மேகலா அம்மா டீ கொண்டாந்தா டம்ளர வைக்கற சத்தம் வரக் கூடாது. ஆறாவது டெஸ்ட்ல ஷமீனா ஒரு விடைய அழுத்தினப்ப மேகலா "ச்ச்"னுட்டா. அவ்வளவுதான். அந்த டெஸ்ட்டக் கணக்குல சேக்கக் கூடாதுன்னு நான் சொல்லிட்டேன். மேகலா அழுதா. "உன் மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பச் சொன்னா, செவுத்துல கண்ணாடி மாட்டியிருக்கேடி உங்க வீட்ல"ன்னு ஷமீனா கத்தினா. கண்ணாடியக் கழட்டி உள்ள வச்சோம். நேர்மைன்னா நேர்மைதான்.

மொத டெஸ்ட்ல எழுபத்தொண்ணு. அப்புறம் எழுபத்தஞ்சு, எண்பத்திநாலு, தொண்ணூறு. மார்க்கு இல்லக்கா, பெர்சென்டைல். நூறு பேரு எழுதினா எத்தனை பேரு நமக்குப் பின்னாடின்னு அர்த்தம். பதினஞ்சாவது டெஸ்ட்ல தொண்ணூத்தேழு புள்ளி ஆறு மூணு. மூணு பேரும் அந்த சீட்லயே எம்பி எம்பிக் குதிச்சதுல ஸ்பிரிங் ஒண்ணு வெளிய வந்துருச்சு.

ரிப்போர்ட்ல பேரு "இந்துஜா எம்."னு வரும். நான்தான் இந்துஜா. லாகின் போடறப்ப ஓ.டி.பி. என் ஃபோனுக்கு வந்ததால என் பேரு. வேற ஒண்ணும் இல்ல. அதை வீட்ல மேசை மேல வச்சிருந்தேன். அப்பா பாத்துட்டாரு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னாலும் என் பேரோட எழுத்து அவருக்குத் தெரியும், நம்பர் தெரியும்.

"இது என்ன நம்பரு?"

"நூறு பேரு எழுதினா தொண்ணூத்தேழு பேரு பின்னாடிப்பா."

"உனக்குப் பின்னாடியா?"

அங்க நான் என்ன சொல்லணும்? பேரு என்னுது. நம்பரு நெசம். "ஆமா"ன்னேன். அதுல பொய் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

மறுநாளே, "அந்த பில் போடற வேலைய விட்டுரு"ன்னாரு. அதுக்கடுத்த வாரம் பட்டறையில இருந்து திருச்சிக்கு ஓடற வண்டி ஒண்ணு வெளிய போச்சு. பின்பக்கம் கீழ் மூலையில "மாரப்பன், கரூர்", அதுக்குக் கீழ "இந்துஜா 97.63". ஏம்ப்பா இப்படின்னு கேட்டா, "பின்னாடி வர்ற தொண்ணூத்தேழு பேரும் படிக்கட்டும்"ங்கறாரு. வண்டி ஓனரு பாத்துட்டு, "இது எந்த ஊர் எஃப்.எம்.மு மாரப்பா, எங்க டிரைவர் திருப்பித் திருப்பிப் பாக்கறான், கெடைக்கவே மாட்டேங்குது"ன்னு கேட்டாராம்.

இப்ப பரீட்சைக்கு வர்றேன்.

தனித்தனியா எழுதணும்னு தெரியாதான்னு கேக்கறீங்க. தெரியாம என்னக்கா? தனித்தனியாத்தான் அப்ளை பண்ணோம். மூணு ஃபோட்டோ, மூணு கையெழுத்து. தெரியறது வேற, உறைக்கறது வேற. ஹால் டிக்கெட் வந்தப்பத்தான் லேசா உறைச்சுது. மேகலாவுக்கு சேலம், ஷமீனாவுக்கு திருச்சி, எனக்கு கோயமுத்தூரு. ஷமீனா ஃபோன் பண்ணி, "ஒரே சென்டர் கெடைக்கலையேடி"ன்னு அழுதா. ஒரே சென்டர் கெடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு நீங்க இப்ப மொறைக்கிறீங்கல்ல, அதே கேள்விய அவளும் நானும் ஒரே நேரத்துல எங்களுக்குள்ள கேட்டுக்கிட்டோம் போல. ரெண்டு பேரும் ஃபோன வச்சுட்டோம். பரீட்சைக்கு ஒம்பது நாள் இருந்துச்சு.

ஒம்பது நாள்ல புதுசா என்னத்தப் படிக்கறது? கணக்குப் புத்தகத்தை எடுத்தேன், தூக்கம் வந்துச்சு. இங்கிலீஷையே இன்னும் நல்லாப் படிச்சேன்.

இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டரைக்கு ஆரம்பம். ஊருக்கு வெளிய ஒரு காலேஜு. கம்மலக் கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன். விரல் ரேகை எடுத்தாங்க. உள்ள போனா ஆளுக்கு ஒரு நாற்காலி, ரெண்டு பக்கமும் தடுப்பு. பக்கத்துல யாரும் இல்லாம ஒரு மாதிரி குளிருச்சு. ஏ.சி.யும் இருந்துச்சு.

மொதல் பாகம் எனக்கு வெல்லக்கட்டி. நாலு பத்தி படிச்சேன், நாலும் எனக்கே எழுதின மாதிரி இருந்துச்சு. ரெண்டு கேள்விதான் விட்டேன். நாப்பது நிமிஷம் முடிஞ்சு திரை மாறுச்சு.

நான் எழுந்திரிச்சுட்டேன்.

நெசமாக்கா. எழுந்திரிச்சு, நாற்காலியப் பின்னால தள்ளி, ஒரு எட்டு ஓரமா நகந்து நின்னுட்டேன். ரெண்டு செகண்டு கூட ஆகியிருக்காது. ஹால்ல சூப்பர்வைசர் ஒருத்தரு ஓடி வந்தாரு.

"என்னம்மா, பாத்ரூமா?"

"இல்லங்க சார், முடிஞ்சிருச்சு."

"என்ன முடிஞ்சுது? இன்னும் எண்பது நிமிஷம் இருக்கே."

"அது மேகலாவோடதுங்க சார்."

வாய்ல வந்துருச்சு. அந்த மனுஷன் மொகம் மாறுனதைப் பாக்கணுமே. "யாரு மேகலா?"ன்னாரு. கையில இருந்த லிஸ்டப் புரட்டறாரு, மேகலாங்கற பேர்ல அந்த ஹால்ல ஆளே இல்ல. இன்னொருத்தரக் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் என் மொகத்தையும் ஹால் டிக்கெட் ஃபோட்டோவையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "நீ இந்துஜாதானேம்மா?" "ஆமாங்க சார்." "அப்ப மேகலா யாரு?" "என் ஃப்ரெண்டுங்க சார், சேலத்துல எழுதறா." "சேலத்துல எழுதற பொண்ணுக்கு நீ ஏன் எழுந்திரிக்கற?" இதுக்கு என்ன பதில் சொல்வீங்க நீங்க? திரும்பவும் ரேகை எடுத்தாங்க. நான்தான்னு மெஷின் சொல்லுச்சு. உக்காருன்னாங்க. திரையில பாத்தா ஏழு நிமிஷம் போயிருச்சு.

எட்டு பேரு வட்ட மேசையில உக்காந்திருக்காங்க, யாரு பக்கத்துல யாருன்னு கேள்வி. வெறிச்சுப் பாத்தேன். அப்ப மேகலா மொணங்கறது காதுல கேட்டுச்சு. மேகலா எழுதறப்ப மொணங்குவா. நான் மொகத்தைத்தான் செவுத்துப் பக்கம் திருப்பியிருந்தேன், காதைத் திருப்ப முடியுமா? "ஏ-ங்கறது பெரியப்பா, பி-யோட பேச்சுவார்த்தை இல்ல. சி அவரு சம்பந்தி, எதுத்தாப்லதான் போடணும். டி இலைக்குத் தண்ணி தெளிக்கறதுக்கு முன்னாடியே உக்கார்ற ஆளு, அவரை மொதல்ல வை." அதே மாதிரி நானும் எட்டு பேருக்கும் சொந்தம் கட்டி, சண்டை மூட்டி விட்டேன். உக்காந்துட்டாங்கக்கா. அஞ்சு கேள்விக்கும் விடை வந்துருச்சு.

அதுதான் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. அது மேகலாவோட முறை. அவகிட்டக் கேக்காம எடுத்து, என் பேர்ல போட்டுட்டேன். அது காப்பி அடிச்சதாகுமா? உங்களுக்கு என்ன தோணுது?

ஏங்க்கா தலையில கை வைக்கறீங்க?

மூணாவது பாகம், கணக்கு. ஷமீனா மொணங்க மாட்டா. டீயத்தான் உறிஞ்சுவா. அந்தச் சத்தத்தை வச்சு என்ன கணக்குப் போட முடியும்? மூணு கேள்வி போட்டேன். மீதிய விட்டுட்டேன். எதுத்த வரிசையில ஒரு பையன் கண்ண மூடிக்கிட்டு டப்பு டப்புன்னு அமுக்கறான். எனக்கு அது வராது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டறது எனக்குப் புடிக்காத விஷயம். கடைசி இருபது நிமிஷம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இடுப்பு விட்டுப் போச்சு. நாப்பது நிமிஷத்துக்கு மேல உக்காந்தே பழக்கம் இல்லையே.

வெளிய வந்ததும் ரெண்டு பேருக்கும் ஃபோன் போட்டேன். மேகலா, மொத நாப்பது நிமிஷம் தன்னை யாரோ கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தாளாம். ஷமீனா கதைதான் பாவம். எண்பது நிமிஷம் வேத்து மொழிப் படம் பாத்த மாதிரி பாத்துட்டு, கணக்கு வர்றப்ப தலை வலிச்சு, பன்னெண்டாம் வாய்ப்பாடு மறந்துபோச்சாம். "தராசு முள்ளு நிக்கவே இல்லடி"ன்னா.

எனக்கு ஒரு கேள்வி இருக்குக்கா. இவங்க மேனேஜ்மென்ட் படிக்கத்தானே ஆள் எடுக்கறாங்க? மேனேஜ்மென்ட்னா என்ன? வேலையப் பிரிச்சு ஆளுக்கு ஆள் குடுக்கறது. அதை நாங்க ஆறு மாசமா செஞ்சு, எழுபத்தொண்ண தொண்ணூத்தேழாக்கிக் காட்டியிருக்கோம். எங்கப்பா ஒரு பஸ்ஸத் தனியாக் கட்டி நான் பாத்ததில்ல. ஒரே ஆளு வெல்டிங்கும் வைக்கணும், சீட்டும் தைக்கணும், பெயிண்டும் அடிக்கணும்னா அந்த வண்டியில நீங்க ஏறுவீங்களா? இந்தப் பரீட்சை மட்டும் அப்படிக் கேக்குது. அதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க.

இருங்கக்கா. ஃபோன். அப்பா.

"அப்பா... பஸ்லதான்... காங்கேயம் தாண்டியாச்சு... எழுதிட்டேன்... இல்லப்பா, அது மாதிரி உடனே வராது, ஒரு மாசம் ஆகும்... என்னது, நம்பருக்கு எடம் விட்டு வச்சிருக்கீங்களா? எந்த வண்டியில? ...வேண்டாம்ப்பா. அப்பா, ஒண்ணு சொல்றேன்... இல்ல, வீட்டுக்கு வந்தா சொல்ல வராது, இப்பவே சொல்லிர்றேன். அந்தத் தொண்ணூத்தேழு இருக்குல்ல, அது மூணு பேரு சேந்து போட்டது. நான், மேகலா, ஷமீனா. ஆளுக்கு ஒரு பாகம்... ஆமா, அந்த சீட்லதான்... ஆமா, பேரு என் பேருதான்... ஓ.டி.பி.னாலப்பா... இல்லப்பா, நீங்களும்தானே நாப்பது பேரு கட்டின வண்டிக்கு உங்க பேர... அப்பா? அப்பா?"

வச்சுட்டாரு.

என்ன சொன்னாருன்னா, "நான் பின்னாடி பேரு எழுதறேன். சரி. வெல்டிங் நான் வச்சேன்னு எவன்கிட்டயாவது சொல்லியிருக்கனா? பெயிண்டர்னுதானே எழுதறேன்"ங்கறாரு. கத்தினாரு. பக்கத்துல சுப்பிரமணி மாமா குரல் கேட்டுச்சு. வச்சுட்டாரு.

பெயிண்டர்னு எழுத மாட்டாரு, "மாரப்பன், கரூர்"னுதான் எழுதுவாரு. நான் அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனா பாக்கறவங்களுக்குத் தெரியும்ல, எழுத்துக்குக் கீழ இருக்கற பேரு எழுத்து எழுதினவரு பேருன்னு. என் ரிப்போர்ட்டப் பாத்தா அப்படி யாருக்கும் தெரியாது.

தெரியாது.

கடலையா? வேண்டாங்க்கா. சரி, ரெண்டு குடுங்க.

மாக் டெஸ்ட்ல எல்லாம் சரியாத்தான் வந்துச்சு பாருங்க. உங்ககிட்டச் சொல்றப்ப எங்கயுமே தடுமாறல. உண்மையான டெஸ்ட்ல ஒரே கேள்வி கேட்டாரு, எழுந்திரிச்சு நின்னுட்டேன். ஏற்கனவே நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், அது வேற.

திரும்பவும் அவருதான்.

"சொல்லுங்கப்பா... ம்... ம்... அப்படி இல்லப்பா, அதை அப்படி வகுக்கக் கூடாது... சரி, வகுத்துட்டீங்க... ம்... சரி... எம். மேகலா இல்ல, கே. மேகலா... ஷமீனாவுக்கு ஏ... ம்... சரிப்பா. போறேன். காலையில ஒம்பது மணிக்கெல்லாம் போயிர்றேன்... சரி."

கேளுங்க இந்தக் கூத்தை. தொண்ணூத்தேழு புள்ளி ஆறு மூண மூணால வகுத்திருக்காரு. ஃபோன்ல கூட இல்ல, புது பஸ்ஸோட தகரத்துல சாக்பீஸ்ல. "உன் பங்கு முப்பத்திரெண்டரை வருது. பாஸாக முப்பத்தஞ்சு. ரெண்டரைதான் கொறச்சல், அடுத்த வருஷம் வாங்கிரலாம்"ங்கறாரு. பெர்சென்டைல அப்படி வகுக்க முடியாதுன்னா, "நீங்க மூணு பேரும் கூட்டுனீங்கல்ல, நான் வகுக்கக் கூடாதா"ங்கறாரு.

அந்தத் திருச்சி வண்டி ஏழு மணிக்கு ஸ்டாண்டுக்கு வருமாம். பிரஷ்ஷு எடுத்துக்கிட்டுப் போறாராம். நம்பர அழிக்கப் போறாராக்கும்னு பாத்தா, "நம்பர எதுக்கு அழிக்கணும், போட்டது நெசம்தானே? பேருதான் ரெண்டு கொறையுது"ன்னாரு. அதுக்குத்தான் இனிஷியல் கேட்டது. நாளைக்கு என்னைய கம்பெனிக்குப் போயிறச் சொன்னாரு. நாற்காலி காலியா இருக்கறப்பவே உக்காந்துக்கச் சொன்னாரு.

இன்னொண்ணும் சொன்னாரு. மேகலா வீட்டுல கெடக்கற அந்த மூணு பேர் சீட்ட அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து தூக்கிக்குவாராம். மூணா அறுத்து, கால் வச்சு, ஒத்தை ஒத்தையா மூணு வீட்டுலயும் போட்டுருவாராம். அடுத்த வருஷத்துக்கு. அப்புறம், "வெல்டிங் நான் இல்ல. சுப்பிரமணி வைப்பான். அந்த ரெண்டு புள்ளைககிட்டயும் சொல்லிரு"ன்னாரு.

வெள்ளக்கோயில் வந்துருச்சு. உங்க பக்கத்து சீட்காரரு இறங்கறாரா? சரி, நகருங்க, நானும் உக்காந்துக்கறேன். இங்கிருந்து கரூர் ஒரு மணி நேரம். எழுந்திரிக்காம உக்காந்து பாக்கறேன். நாப்பதாவது நிமிஷம் நான் எழுந்திரிச்சேன்னா தோளப் புடிச்சு அமுக்கிருங்கக்கா.

இல்ல, வேண்டாம். நீங்க அமுக்கினா, அதுவும் ரெண்டு பேரு சேந்து உக்காந்ததாயிரும்.